அப்பா நான்கு முறை வந்தார்

ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்து பிழைப்பவள் நான். யாருடைய கதையைச் சொல்வதென்றாலும், அந்த ஆளின் சொந்தக் குரல் கிடைக்குமா என்றுதான் முதலில் தேடுவேன். ஆதிக் கிறிஸ்தவ மறைசாட்சிகளின் கதைகளில் அது அரிது. பெரும்பாலானவை பிறர் எழுதியவை. காலம் போகப் போக அற்புதங்களும் கூடிக்கொண்டே போகும். பெர்பெத்துவா மட்டும் சிறையில் இருந்தபடியே தன் கதையைத் தானே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

ஊர் கார்த்தேஜ். இன்றைய துனீசியாவில், துனிஸ் நகரின் பக்கத்தில் இருக்கிறது. வருடம் 203. பெர்பெத்துவாவுக்கு வயது ஏறக்குறைய 22. வசதியான குடும்பம், நல்ல படிப்பு, கல்யாணமாகி மடியில் பால் குடிக்கும் மகன். திருமுழுக்குக்குத் தயாராகிக் கொண்டிருந்தபோது அவளையும் வேறு சிலரையும் பிடித்துக் கொண்டு போனார்கள். அவர்களில் பெலிசித்தா என்ற அடிமைப் பெண்ணும் ஒருத்தி. எட்டு மாதக் கர்ப்பிணி.

ரோமானியர்கள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. சக்கரவர்த்தியின் நலனுக்காக ஒரு பலி செலுத்த வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் யாரை வேண்டுமானாலும் கும்பிட்டுக்கொள்ளலாம். இவ்வளவு சுலபமாகத் தப்பிக்க வழி இருந்ததுதான் இந்தக் கதையில் என்னை மிகவும் உறுத்துகிறது.

நாட்குறிப்பைப் படிக்கும்போது மனதில் நிற்பது சிங்கமும் சிறுத்தையும் இல்லை, அவள் அப்பா. பழைய தெய்வங்களை விடாத மனிதர். முதல் முறை வந்தபோது, இந்தக் கிறுக்கை விட்டுவிடு என்று வாதாடினார். அங்கே ஒரு தண்ணீர்க் குடம் இருந்தது. அதை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட முடியுமா என்று மகள் கேட்டாள். முடியாது என்றார். நானும் அப்படித்தான், கிறிஸ்தவள் என்பதைத் தவிர வேறு பெயர் எனக்கில்லை என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் கண்ணைப் பிடுங்குவதுபோல் அவள்மேல் பாய்ந்தார். அதன்பிறகு சில நாள் அவர் வராதது நிம்மதியாக இருந்தது என்று ஒளிக்காமல் எழுதுகிறாள்.

இரண்டாம் முறை வந்தவர் வேறு ஆள். மகளின் கையை முத்தமிட்டு, காலில் விழுந்து, மகளே என்று அழைக்காமல் எஜமானியை அழைப்பதுபோல் அழைத்தார். என் நரையைப் பார், உன் பிள்ளையைப் பார் என்று கெஞ்சினார். மூன்றாம் முறை விசாரணை மேடைக்கே பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தார். நீதி விசாரித்த ஹிலாரியானுஸும் அதையே சொல்லிப் பார்த்தான். அவள் மசியவில்லை. விடாமல் கெஞ்சிய அப்பாவைப் பிடித்துத் தள்ளச் சொன்னான். ஒரு சேவகன் அவரைப் பிரம்பால் அடித்தான். அந்த அடி தன்மேல் விழுந்ததுபோல் வலித்ததாக மகள் எழுதுகிறாள். நான்காம் முறை, தாடி மயிரைப் பிய்த்து எறிந்தபடி தரையில் குப்புற விழுந்து கிடந்தார்.

அப்பாவை அவள் எங்கும் கெட்டவராக எழுதவில்லை. பிள்ளைகளில் இவளிடம்தான் அவருக்குப் பாசம் அதிகமாம். கணவனைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. ஆராய்ச்சியாளர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். நான் அதற்குள் போகவில்லை.

பெலிசித்தாவின் கவலை வேறு. கர்ப்பிணிக்குத் தண்டனை நிறைவேற்றக் கூடாது என்பது ரோமானியச் சட்டம். கூட்டாளிகள் முன்னே போய்விட, தான் மட்டும் பின்தங்கி, யாரோ குற்றவாளிகளோடு சாக நேருமோ என்று பயந்தாள். எல்லோரும் சேர்ந்து ஜெபித்தார்கள். மாதம் நிறையும் முன்பே பெண் குழந்தை பிறந்தது. வலியில் அவள் கத்தியதைக் கேட்ட சிறை ஊழியன் ஒருவன், இதற்கே இப்படி என்றால் மிருகங்களின் முன்னால் என்ன செய்வாய் என்று கேலி செய்தான். இது என் வலி, நான் படுகிறேன். அங்கே எனக்காக வலி தாங்க இன்னொருவர் என்னுள் இருப்பார் என்றாள். அந்தக் குழந்தையை சபைப் பெண் ஒருத்தி தன் மகளாக வளர்த்தாள்.

மார்ச் 7. சக்கரவர்த்தியின் இளைய மகன் கேத்தாவின் பிறந்தநாள் விளையாட்டுகள். அரங்க வாசலில் பெண்களுக்கு சேரஸ் தேவியின் பூசாரி உடையை மாட்டப் பார்த்தார்கள். இதற்கு மறுத்துத்தானே உயிரையே கொடுக்க வந்திருக்கிறோம் என்று பெர்பெத்துவா வாதாடினாள். படை அதிகாரிக்கே அது நியாயமாகப் பட்டது, விட்டுவிட்டான். உள்ளே ஒரு காட்டுப் பசு அவளை முட்டித் தூக்கி எறிந்தது. கடைசியில், கை நடுங்கிய இளம் வாள்வீரனின் கத்தியைத் தன் கழுத்துக்கு அவளே வழிகாட்டினாள் என்று நாட்குறிப்பை முடித்து வைத்தவர் எழுதியிருக்கிறார்.

அவள் பகுதி முதல் நாளோடு நின்றுவிடுகிறது. நாளை நடப்பதை விரும்புகிறவர் எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். அப்பாவின் பெயரையும் மகனின் பெயரையும் அவள் எழுதவில்லை. ஆனால் ஒன்றைக் குறித்திருக்கிறாள். விசாரணைக்குப் பிறகு பிள்ளையை அனுப்ப அப்பா மறுத்துவிட்டார். அதற்குள் குழந்தையும் பால் கேட்பதை நிறுத்திவிட்டது. அவளுக்கும் மார்பு கட்டிக்கொள்ளவில்லை.