காது மந்தமானவர் இருக்கும் வீடு



என் மாமியார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர். எழுபது வயதைத் தாண்டியதும் காது மந்தமாயிற்று. நாங்கள் கத்திப் பேசினோம். "ஏம்மா ஏசுறே? நான் என்ன தப்புப் பண்ணிட்டேன்?" என்று ஒருநாள் கண்கலங்கக் கேட்டுவிட்டார். அதன்பிறகு பேச்சையே குறைத்துக்கொண்டோம். அது அதைவிட மோசம். பேத்தியைப் பெண் பார்க்க வந்த அன்று அவரும் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் கல்யாணத் தேதி குறித்த செய்தியை மறுநாள் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரிந்துகொண்டார். அன்று அவர் பசியாறவே இல்லை.

வயதானவர்களுக்கு முதலில் மங்குவது மெல்லிய, கீச்சென்ற ஒலிகள். ஆ, ஓ என்பவை காதில் விழும். ச, த, ப போன்றவை நழுவிவிடும். கடை, சடை, படை மூன்றும் ஒன்றுபோலக் கேட்கும். "சத்தம் கேட்குது, பேச்சு புரியலை" என்று அவர்கள் சொல்வது சாக்கு அல்ல. கத்தினால் சத்தம்தான் பெருகும், சொல் தெளியாது. முகத்துக்கு நேரே நின்று, நிதானமாகச் சொல்லுங்கள். "கடைக்குப் போறேன்" புரியவில்லையா? அதையே நாலு தடவை சொல்லாமல், "மீன் வாங்கப் போறேன்" என்று மாற்றிச் சொல்லுங்கள்.

வாசலில் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி நின்றால் நம் முகம் இருட்டாகிவிடும், உதடு தெரியாது. அதனால் மாமியாரின் நாற்காலியைச் சன்னலுக்கு முதுகு வைத்துப் போட்டோம். வெளிச்சம் எதிரே இருப்பவர் முகத்தில் விழும். அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசும் என் பழக்கத்தை விடத்தான் வெகுநாள் ஆனது!

பலகைச் சுவரும் சிமெண்ட் தரையும் சத்தத்தை எதிரொலிக்கும். பாயும் தடித்த திரைச்சீலையும் ஓரளவு அடக்கும். பேசும்போது தொலைக்காட்சியை நிறுத்திவிடுங்கள். தகரக் கூரையில் மழை கொட்டும்போது மட்டும் ஒன்றும் செய்ய முடியாது, மழை விடட்டும். வாசல் மணியோடு ஒரு பல்பையும் இணைத்துத் தரும்படி வயர்மேனிடம் கேளுங்கள்.

முதலில் அரசாங்கக் கிளினிக்கில் காதைக் காட்டுங்கள். சிலருக்கு வெறும் குறும்பி அடைப்பாகவே இருக்கும். கொண்டை ஊசி விடுவதும் சூடான எண்ணெய் ஊற்றுவதும் வேண்டவே வேண்டாம். திடீரென ஒரு காது கேட்காமல் போனால் அன்றே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

ஆலையிலும் புல்வெட்டும் இயந்திரத்தோடும் வேலை செய்யும் ஆண்களுக்கு இது நாற்பதிலேயே வரலாம். நாளைக்கு 8 மணி நேரம், 85 டெசிபெலுக்கு மேல் சத்தம் கேட்டால் செவி கெடும். காதடைப்பானை வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போக விடாதீர்கள். வேலையால் காது போனால் சொக்சோவில் விண்ணப்பிக்கலாம்.

செவிக்கருவி வாங்கினால், குளிக்கும்போது கழற்றவும், இரவில் பேட்டரி மூடியைத் திறந்து வைக்கவும் பழக்குங்கள். பொத்தான் பேட்டரி குழந்தைகள் கைக்கு எட்டவே கூடாது. விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

பேத்தியின் கல்யாணத்தில் மேளத்துக்குத் தள்ளி, சுவரோரமாக மாமியாரை உட்கார வைத்தோம். சம்பந்தியம்மா எதிரே நாற்காலி போட்டு, அரை மணி நேரம் அவரோடு பேசிக்கொண்டிருந்தார்.