விடுதிக் கதவை முதலில் யார் தட்டுவது?

கல்லூரி வளாகத்தில் ஒரு கொடுமை நடந்துவிட்டால் மறுவாரமே சில வேலைகள் மும்முரமாகிவிடும். வாசலில் அடையாள அட்டையைக் கேட்பார்கள், இருட்டு மூலையில் விளக்குக் கம்பம் நடுவார்கள், சிசிடிவி கேமராக்களைக் கூட்டுவார்கள், மாணவியர் விடுதிக்குத் திரும்பும் நேரத்தைக் குறைப்பார்கள். விளக்கும் கேமராவும் வேண்டியவைதாம். ஆனால் 2024 டிசம்பர் 23 இரவு, அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளான வழக்கைத் திரும்பிப் பார்க்கும் மனநல ஆலோசகருக்கு உறுத்துவது வேறு.

அந்த மாணவி துணிந்து புகார் கொடுத்தார். குற்றம் செய்தவர் விரைவில் கைதானார். ஆனால் மாணவியின் அடையாளத்தைக் காட்டும் முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்து கைப்பேசி கைப்பேசியாகச் சுற்றியது. சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிக்கை எழுதப்பட்ட விதத்தையே கண்டித்தது. பாதிக்கப்பட்டவர் மீதே பழி விழும்படியான மொழியில் அது இருந்தது. மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழு, 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு, கல்விக் கட்டண விலக்கு, உளவியல் ஆலோசனை என உத்தரவுகள் வந்தன. 2025 ஜூன் 2 அன்று சென்னை மகளிர் நீதிமன்றம் குறைந்தது 30 ஆண்டுகள் வெளியே வர முடியாதபடி ஆயுள் தண்டனை விதித்தது. ஆறு மாதத்துக்குள் தீர்ப்பு என்பது நம் நாட்டில் அரிது, பாராட்டத் தக்கது. ஆனாலும் அந்தப் பெண்ணுக்கு இரண்டாவது காயத்தைத் தந்தது காவல் துறையின் ஆவணம். அதைப் பார்த்துவிட்டு வாய் மூடிக்கொண்ட மாணவிகள் எத்தனை பேர் என்பதை எந்தக் கேமராவும் சொல்லாது.

ஆகவே வளாகப் பாதுகாப்பில் காவல் துறை மாற வேண்டிய முதல் இடம் ரோந்து வண்டி அல்ல, புகாரை எழுதி வாங்கும் மேசை. அங்கே என்ன கேட்கலாம், எதைக் கேட்கவே கூடாது, அறிக்கை யார் கண்ணில் படலாம் என்பதை முடிவு செய்யும்போது மனநல ஆலோசகர்களான நாமும் உடனிருக்க வேண்டும்.

கோவை மாநகரக் காவல் துறை 2022இல் தொடங்கிய ‘போலீஸ் அக்கா’ திட்டம் இந்தத் திசையில் நல்ல முயற்சி. கல்லூரிக்கு ஒரு பெண் காவலர். மாணவிகள் அவரை அக்கா என்று அழைத்துப் பேசலாம். காவல் நிலையப் படியேறத் தயங்கும் பெண்ணுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அந்த அக்காவுக்கு நம் வேலையையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. கைது செய்வதற்குரிய குற்றம் ஒன்று தன் காதில் விழுந்தால் நடவடிக்கை எடுப்பது அவர் கடமை. ஆலோசகரின் அறையிலோ, எதைச் சொல்வது, எப்போது புகாராக்குவது என்பதைப் பெரும்பாலும் மாணவியே முடிவு செய்கிறார். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, அதன் 23ஆவது பிரிவில் இரகசியம் காக்கும் கடமையை நம் மேல் வைத்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் விலக்கு உண்டு. முதலாண்டு மாணவர்களில் 18 வயது நிறையாதவர்களும் இருப்பார்கள். அவர்கள் சொல்வது போக்சோ சட்டத்துக்குள் வந்தால் நாமும் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். இதை முதல் அமர்விலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் அது துரோகமாகத்தான் தோன்றும்.

இனி, இரவு பதினொரு மணிக்கு வார்டனுக்கு வரும் அழைப்பு. ஒரு மாணவர் அறையைத் தாழிட்டுக்கொண்டார், திறக்க மறுக்கிறார். வார்டன் யாரைக் கூப்பிடுவார்? பல விடுதிகளில் இதற்கு எழுதிவைத்த விடை கிடையாது. பதற்றத்தில் காவல் நிலையத்துக்கோ பெற்றோருக்கோ அழைப்பு போகிறது. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும் என்கிறது. 100ஆவது பிரிவு, மனநோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கும் நிலையில் இருப்பவரைக் காவலர்கள் மருத்துவமனைக்குத்தான் கொண்டுசெல்ல வேண்டும், லாக்கப்பில் வைக்கவே கூடாது என்கிறது. இந்த இரண்டு பிரிவுகளையும் வளாகத்துக்குப் பொறுப்பான காவல் ஆய்வாளர் அறிந்திருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கதவை முதலில் தட்ட வேண்டியவர் பயிற்சி பெற்ற ஆலோசகர், அல்லது அவர் வரும்வரை பேசிக்கொண்டிருக்கத் தெரிந்த விடுதிப் பணியாளர். 108 வண்டி கீழே நிற்கட்டும். காவலர் தேவைப்பட்டால் சீருடையின்றி, அழைக்கும்வரை மாடிப்படிக்கு அப்பால் இருக்கட்டும். மருத்துவமனையில் வாக்குமூலம் வாங்க வரும்போதும் இதே நிதானம் வேண்டும்.

2022இல் மட்டும் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் கல்வி நிறுவனங்களுக்கு 15 நெறிமுறைகளை விதித்தது. நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் இருந்தால் குறைந்தது ஒரு தகுதியான ஆலோசகர், ஆண்டுக்கு இருமுறை எல்லாப் பணியாளர்களுக்கும் பயிற்சி, விடுதிகளில் உதவி எண்கள், தற்கொலைக்குப் பயன்படாத மின்விசிறிகள். இவற்றில் மின்விசிறி சீக்கிரம் மாறும். டெண்டர் விட்டால் போதும். ஆலோசகர் விஷயத்தில்தான் நம் கவலை. ஐயாயிரம் பேர் படிக்கும் கல்லூரியும் ஒரே ஒருவரை வைத்துவிட்டு உத்தரவை நிறைவேற்றிவிட்டதாகக் கணக்குக் காட்டலாம். அந்த ஒருவரும் பதினொரு மாத ஒப்பந்தத்தில் இருந்தால், முதல்வர் அறைக்கு அடுத்த அறையில், யார் உள்ளே போகிறார்கள் என்று எல்லாரும் பார்க்கும்படி உட்கார்ந்திருந்தால், எந்த மாணவர் வருவார்? அதே உத்தரவு போதுமான விகிதத்தையும் கோருகிறது. அந்த வரியை நிர்வாகத்துக்கு நினைவூட்டுவது நம் பொறுப்பு.

இந்தப் பருவம் முடிவதற்குள் உங்கள் காவல் ஆய்வாளர், வார்டன், உள்ளகப் புகார்க் குழுத் தலைவர் மூவரையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். நள்ளிரவு அழைப்பு வந்தால் யார் முதலில் போவது, யார் காத்திருப்பது, மாணவர் பெயர் எந்தப் பதிவேட்டில் ஏறக் கூடாது என்று ஒரு பக்கத்தில் எழுதி, நீங்களும் சேர்ந்து நால்வரும் கையொப்பமிடுங்கள். டெலி மானஸ் எண் 14416ஐ அதன் கீழே பெரிதாக எழுதுங்கள். அந்தப் பக்கத்தின் நகலை எங்களுக்கு அனுப்புங்கள். மற்றக் கல்லூரிகளும் எடுத்துப் பயன்படுத்தும்படி இதழில் வெளியிடுகிறோம்.