இரட்சிக்கப்பட்ட தேதி என்ன?

போன மாதம் எங்கள் பகுதியில் மூன்று நாள் கன்வென்ஷன் கூட்டம் நடந்தது. முதல் நாள் மாலை நானும் போயிருந்தேன். பேச வந்தவர் இளைஞர். நல்ல குரல், வேதத்தில் நல்ல பழக்கம். பேச்சின் நடுவே, "நீங்கள் இரட்சிக்கப்பட்ட தேதி தெரிந்தவர்கள் கையை உயர்த்துங்கள்" என்றார். பந்தலில் பாதிப் பேர் உயர்த்தினார்கள். "கல்யாணத் தேதி தெரிகிறது, பிள்ளை பிறந்த தேதி தெரிகிறது. இந்தத் தேதி தெரியாவிட்டால் நீங்கள் இன்னும் தொடங்கவே இல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விட்டார்.

நான் கையை உயர்த்தவில்லை. பெண்கள் பக்கம் இருந்த எங்கள் தெரு அம்மா ஒருவரும் உயர்த்தவில்லை. கூட்டம் முடிந்து வெளியே வரும்போது என்னோடு நடந்து வந்தார். தெரு முனை வரை பேசவில்லை. பிறகு கேட்டார்: "அண்ணாச்சி, எனக்குத் தேதி தெரியலையே. பொறந்ததுலேருந்து கோயிலுக்குத்தான் போறேன். அப்போ நான் இன்னும் விசுவாசியே ஆகலையா?"

அவருக்கு வயது 72. படுக்கையில் விழுந்த மாமியாரை 11 வருடம் தூக்கிக் குளிப்பாட்டி, ஊட்டி, கடைசிவரை பார்த்தவர். அந்த மாமியார் நல்ல வாய் உள்ளவர் அல்ல என்பது தெருவுக்கே தெரியும். அப்படிப்பட்டவர் அன்று இரவு தூங்கியிருக்கமாட்டார் என்று எனக்குத் தோன்றியது. நான் அப்போது ஏதோ சமாதானம் சொன்னேன். அது போதவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தேதி சொல்லக்கூடியவர்களை நான் குறைத்துப் பேசவில்லை. தமஸ்கு வழியில் விழுந்த சவுலுக்கு ஒரு நாள் இருந்தது. பஞ்சாபில் பிறந்த சாது சுந்தர் சிங், 1904 டிசம்பரில் ஒரு விடியற்காலையில் தனக்குக் கிடைத்த தரிசனத்தை வாழ்நாள் முழுதும் சொல்லிவந்தார். அதற்குச் சில நாள் முன்புதான் அவர் வேதப்புத்தகத்தைக் கிழித்து எரித்திருந்தார். ஜான் வெஸ்லிக்கு நேரம்கூடத் தெரியும். 1738 மே 24, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த கூட்டம், இரவு ஒன்பதுக்குக் கால் மணி முன்பு என்று எழுதி வைத்திருக்கிறார். ஆனால் கவனியுங்கள், அன்று அவர் புதிதாகக் கோயிலுக்கு வந்தவர் அல்ல. குருவானவரின் மகன். தாமும் குருப்பட்டம் பெற்றுப் பத்து ஆண்டு ஆகியிருந்தது. அமெரிக்காவுக்குப் போய் ஊழியம் செய்துவிட்டும் வந்திருந்தார்.

இவர்களுக்கு அப்படி நடந்தது. எல்லோருக்கும் அப்படித்தான் நடக்கவேண்டும் என்று யார் சொன்னது? பேதுருவை எடுத்துக்கொள்ளுங்கள். வலையை விட்டுவிட்டுப் பின்னே போனது ஒரு நாள். நீரே கிறிஸ்து என்று அறிக்கை செய்தது வேறொரு நாள். சேவல் கூவுமுன் மறுதலித்தது ஒரு நாள். உயிர்த்தெழுந்த பிறகு கடற்கரையில் மூன்று முறை கேட்கப்பட்டு மூன்று முறை பதில் சொன்னது இன்னொரு நாள். பேதுரு நம் பந்தலில் உட்கார்ந்திருந்தால் எந்தத் தேதிக்குக் கையை உயர்த்துவார்?

நம் பாளையங்கோட்டைக்கே வருவோம். திருநெல்வேலிச் சபையின் தொடக்கத்தைப் பேசும்போது குளோரிந்தா அம்மாளைச் சொல்லாமல் இருக்க முடியாது. தஞ்சாவூரிலிருந்து வந்த மராட்டிய பிராமண விதவை. ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு இருந்தார், அவர் மூலமாகவே கிறிஸ்தவ மார்க்கத்தைக் கற்றார். ஞானஸ்நானம் வேண்டும் என்று சுவார்ட்ஸ் ஐயரைக் கேட்டார். திருமணம் இல்லாத வாழ்க்கை என்பதால் ஐயர் மறுத்துவிட்டார். அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778-ல்தான் ஞானஸ்நானம் கிடைத்தது. 1780-ல் எழுதிய நாற்பது பேர் அடங்கிய சபைப் பட்டியலில் முதல் பெயர் அவருடையது. 1785-ல் அவர் கட்டிய கோயிலைத்தான் இன்றும் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்கிறோம். 1778 என்பது ஞானஸ்நானத்தின் ஆண்டு. மறுக்கப்பட்ட பிறகும் அந்த மார்க்கத்தை விடாமல் காத்திருந்தாரே, அந்த ஆண்டுகளை எந்த ரிஜிஸ்டரில் எழுதுவது?

எச். ஏ. கிருஷ்ண பிள்ளையும் நம் பக்கத்துக்காரர்தான். கரையிருப்பில் 1827-ல் பிறந்த வைணவர், கம்பனில் ஊறியவர். கிறிஸ்தவராகி ஞானஸ்நானம் பெற்றது 1858-ல். அவர் எழுதிய 'இரட்சணிய யாத்திரிகம்' நூலாக வந்தது 1894-ல். இடையில் 36 ஆண்டுகள். ஜான் பனியனின் கதையைத் தழுவி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள். பெயரைப் பாருங்கள், அது யாத்திரை. இரட்சிப்பை ஒரு நாள் சம்பவமாக அவர் பாடவில்லை. சேற்றில் விழுந்து, மலையேறி, பயந்து, தூங்கி, எழுந்து நடக்கிற நீண்ட வழியாகத்தான் பாடினார்.

இவ்வளவும் சொன்னதால், தொடக்கமே வேண்டாம், கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தால் போதும் என்று நான் சொல்வதாக யாரும் நினைக்கவேண்டாம். அது இதைவிடப் பெரிய தவறு. அந்தத் தவறில் நானே பல வருடம் இருந்தேன்.

பண்டித ரமாபாய் இதைப்பற்றி ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அவர் 1883-ல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். இந்தியாவுக்குத் திரும்பி விதவைப் பெண்களுக்காகச் சாரதா சதன் நடத்தினார். உலகமே அவரைக் கிறிஸ்தவர் என்று அறிந்திருந்தது. ஆனால் ஞானஸ்நானம் பெற்று எட்டு ஆண்டுக்குப் பிறகே, தான் கிறிஸ்தவ மதத்தைத்தான் கண்டடைந்திருந்தேன், கிறிஸ்துவைக் கண்டடையவில்லை என்று தெரிந்துகொண்டதாகத் தம் சாட்சியில் சொல்கிறார். அவ்வளவு படித்தவர், அவ்வளவு சேவை செய்தவர் அப்படிச் சொல்லியிருக்கிறார். அப்படியானால் நம்மைப்போலப் பிறந்த நாற்பதாம் நாள் ஞானஸ்நானம் பெற்றவர்கள் எவ்வளவு யோசிக்கவேண்டும்!

என் கதையைச் சொல்கிறேன். இதை இதுவரை எழுதியதில்லை. அக்காள் காலமாகி மூன்று வருடம் ஆகிவிட்டது, இனி எழுதலாம்.

எனக்கும் எல்லாம் ஒழுங்காக நடந்தது. குழந்தை ஞானஸ்நானம், ஓய்வுநாள் பள்ளி, பதினாறு வயதில் திடப்படுத்தல், பாடகர் குழு. தபால் துறையில் வேலை கிடைத்த பிறகு சபைக் கமிட்டியிலும் இருந்தேன். சங்கக் காணிக்கை வசூலித்து, ஒரு பைசா பிசகாமல் கணக்கு எழுதுவேன். எனக்கு அதில் பெருமை உண்டு.

1979-ல் அப்பா இறந்தார். அம்மா முன்பே போய்விட்டார். நாங்கள் இரண்டே பேர், அக்காளும் நானும். சாத்தான்குளம் பக்கம் அப்பாவுக்கு ஒரு பனைவிளை இருந்தது. அதை 18,000 ரூபாய்க்கு விற்றோம். நான் காட்டிய இடத்தில் அக்காள் கையெழுத்துப் போட்டாள். உயில் எதுவும் இல்லை. கிறிஸ்தவர்களுக்கான 1925-ஆம் வருடத்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. அது எனக்குத் தெரியாமல் இல்லை. "பெண்ணுக்குத்தான் கல்யாணத்தில் நகை போட்டாயிற்றே, வழக்கம் அதுதானே" என்று சொல்லிக்கொண்டேன். அந்தப் பணத்தில் வீட்டுக்கு மாடி எடுத்தேன். அக்காள் கேட்கவில்லை. அவள் கணவர் இறந்து, இரண்டு பிள்ளைகளோடு பீடி சுற்றிக் காலம் தள்ளியபோதும் கேட்கவில்லை. மாடியில் மாதம் ஒருமுறை ஜெபக்கூட்டம் வைத்தேன். அதற்கு அவளும் சில முறை வந்திருக்கிறாள்.

1987, லெந்து நாட்கள். ஞாயிறு ஆராதனையில் வயதான குருவானவர் ஒருவர் சகேயுவைப்பற்றிப் பேசினார். காட்டத்திமரம், குள்ளமான மனுஷன், எல்லாம் சின்ன வயதிலிருந்து கேட்டதுதான். அன்று அவர் ஒன்றை மட்டும் சுட்டிக்காட்டினார். இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு எப்போது சொன்னார்? சகேயு மரத்திலிருந்து இறங்கியபோது அல்ல. விருந்து வைத்தபோதும் அல்ல. அவன் எழுந்து நின்று, ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினது நாலத்தனையாய்த் திரும்ப என்று சொன்ன பிறகு. "சகேயு தேதி சொல்லவில்லை ஐயா, கணக்குச் சொன்னான்" என்றார் குருவானவர்.

என் மடியில் அன்றைக்கும் காணிக்கைக் கணக்கு நோட்டு இருந்தது.

உடனே ஓடிப்போய்க் கொடுத்தேன் என்று எழுத ஆசைதான். ஆனால் ஆறு மாதம் ஆயிற்று. பணம் இல்லை என்றேன், பிள்ளைகள் படிப்பு என்றேன், மனைவி என்ன சொல்வாளோ என்றேன். ஒருநாள் மனைவியே, "மாடிப்படி ஏறும்போதெல்லாம் எனக்கு மதினி ஞாபகம்தான் வருது" என்றாள். மறுவாரம் பி.எஃப். கடன் போட்டு 9,000 ரூபாய் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அக்காள் மடியில் பீடித்தட்டோடு திண்ணையில் இருந்தாள். பணத்தைக் கொடுத்து, இது என்ன பணம் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தம்பி, எட்டு வருசமா நீ என் முகத்தைப் பாத்துப் பேசலை. சுவரைப் பாத்துத்தான் பேசுவே. இன்னைக்குத்தான் பாத்துப் பேசுதே" என்றாள். அப்புறம், "சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

எட்டு வருடத்துக்கு வட்டி, பணத்தின் மதிப்பு என்று பார்த்தால் நான் கொடுத்தது குறைவுதான். சகேயுவின் கணக்குக்கு அருகில்கூட வராது. ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில், யாரும் நடத்தாமல், புத்தகம் பார்க்காமல், நானாக ஜெபம் செய்தேன். அதுவரை நான் செய்ததெல்லாம் குடும்ப ஜெபம், கூட்ட ஜெபம், கமிட்டி ஆரம்ப ஜெபம். மற்றவர் கேட்பதற்காகச் செய்ததும் அதில் உண்டு. அன்று கேட்க யாரும் இல்லை. பக்கத்து இருக்கைக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்தபின் மத்தேயுவிலிருந்து நானாக வாசிக்க ஆரம்பித்தேன், தினமும் ஒரு அதிகாரம். அந்தப் பழக்கம் இன்றுவரை இருக்கிறது.

இப்போது சொல்லுங்கள், என் தேதி எது? பிரசங்கம் கேட்ட ஞாயிறா, மனைவி வாய் திறந்த நாளா, அக்காள் திண்ணையா, பஸ்ஸா? என்னை 40 வயதுவரை சுமந்து வந்த ஓய்வுநாள் பள்ளிக்கும் என் அம்மாவுக்கும் அதில் பங்கு இல்லையா? எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒன்று தெரியும். 1986-ல் நான் இருந்தபடி 1988-ல் இல்லை. அக்காளுக்கும் அது தெரியும்.

ஆகவே என் கருத்து இதுதான். கூட்டங்களில் பேசுகிறவர்கள் தேதி கேட்பதை விட்டுவிடலாம். தேதி கேட்டால், என்னைப்போன்ற பழைய ஆள் ஏதோ ஒரு தேதியைச் சொல்லித் தப்பித்துவிடுவான், அந்த அம்மாவைப்போல உண்மையானவர் கலங்கிப்போவார். அதற்குப் பதிலாக, நீ யாருக்காவது கொடுக்கவேண்டியது பாக்கி இருக்கிறதா, யார் முகத்தைப் பார்க்காமல் பேசுகிறாய், யாரும் இல்லாதபோது நீயாக ஜெபிக்கிறாயா என்று கேட்கட்டும். கிறிஸ்தவனாகப் பிறந்தவனுக்கும் புதிதாக வந்தவனுக்கும் அது பொதுவான கேள்வி. பதில் தெரியாமல் யாரும் இருக்கமாட்டார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கும் நான் சொல்வது அதுவே. பெரிய அனுபவத்துக்குக் காத்திருக்க வேண்டாம். சுவிசேஷம் ஒன்றை எடுத்து நீங்களே வாசியுங்கள். உங்கள் சொந்த வார்த்தையில் இரண்டு வரி ஜெபியுங்கள். செய்யாமல் தள்ளிவைத்திருக்கும் ஒரு நியாயத்தைச் செய்யுங்கள்.

நேற்று அந்த அம்மா வீட்டுக்குப் போய் இதையெல்லாம் சொன்னேன். என் அக்காள் கதையையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "எனக்கு மாமியார் மேல அவ்வளவு கோவம் இருந்துச்சு அண்ணாச்சி. எப்போ போச்சுன்னு தெரியலை. ஒருநாள் தலை சீவிவிடும்போது பாத்தா, இல்லை" என்றார்.

அது எந்தத் தேதி என்று நான் கேட்கவில்லை.