கொடுத்தவளுக்கும் கிளினிக் உண்டு

சகோதரிகளே, தன் தம்பிக்குச் சிறுநீரகம் கொடுத்த ஒரு தங்கச்சி சென்ற கிழமை வந்திருந்தாள். இரண்டு வருடமாகிறது. "எனக்கு ஒரு வருத்தமும் இல்லை அக்கா, கிளினிக் ஏன்?" என்றாள். பிரஷர் பார்க்கச் செய்தேன், 160க்கு 100!

நோவு இல்லாமலே பிரஷர் ஏறும், சலத்தில் புரதம் போகும். கொடுத்தவர் வருடத்துக்கு ஒரு முறையாவது பிரஷர், சலம், இரத்தத்தில் கிரியேட்டினின் மூன்றையும் பார்க்க வேண்டும். நாரி நோவுக்கென்று டைக்குளோபெனாக் வாங்கிப் போடக்கூடாது. தம்பியின் மருந்துக்கு மணி பார்க்கிறவள், தன் கிளினிக் துண்டைத் தொலைத்துவிட்டாள்!

கடனை அடைக்கலாம் என்று தரகர் வந்தால் வாசலோடு அனுப்புங்கள். 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டப்படி உறுப்பு விற்பதும் வாங்குவதும் குற்றம். பிறகு உங்கள் பிரஷரைப் பார்க்க அவர் வரவும் மாட்டார்.

செவ்வாய்க்கிழமை தங்கச்சியோடு நானும் கிளினிக் போகிறேன்.