போடிக்கு வேண்டியது நாலு மணிக் கடை

போடிநாயக்கனூரில் நாலு பேர் கூடினால் இப்போதெல்லாம் பேச்சு சாப்பாட்டில் வந்துதான் நிற்கிறது. "தேனியில இருக்கு, கம்பத்துல வந்துருச்சு, நம்ம ஊர்லதான் உருப்படியா ஒரு ஹோட்டல் இல்ல" என்று ஒருவர் ஆரம்பித்து வைப்பார். மந்தி பிரியாணிக் கடை வேண்டும் என்பார் இன்னொருவர். குடும்பத்தோடு போய் உட்கார ஏசி போட்ட சைவ ஹோட்டல், போடிமெட்டு ஏறும் வழியில் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டே காபி குடிக்கக் கண்ணாடிச் சுவர் வைத்த கஃபே, ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் பரோட்டா கிடைக்கும் இடம், மெயின் ரோட்டில் ஒரு கேஎஃப்சி. பட்டியல் நீளும். கல்லூரிப் பையன்கள் முதல் ரிட்டையரான வாத்தியார்கள் வரை எல்லோருக்கும் இதில் ஒரு கருத்து இருக்கிறது.

பேச்சு சூடுபிடித்ததற்குக் காரணம் இருக்கிறது. அகலப்பாதை போடுவதற்காக 2010 கடைசியில் நிறுத்திய ரயில், 2023 ஜூன் 15ஆம் தேதிதான் மறுபடி போடிக்கு வந்தது. சென்னையிலிருந்து நேரடி ரயிலும் கிடைத்தது. மேலே போடிமெட்டிலிருந்து மூணாறு போகும் சாலையும் அகலமாகிவிட்டது. மூணாறு போகிற கார்கள் நம் ஊரைத் தாண்டித்தான் போகின்றன, நின்று சாப்பிட ஒரு நல்ல இடம் இருந்தால் அந்தக் காசு இங்கே விழுமே என்கிறார்கள். தப்பில்லை.

எனக்கு அந்தப் பட்டியலோடு பகை கிடையாது. மந்தி வந்தால் நானும் போய்ச் சாப்பிடுவேன். எனக்கு உறுத்துவது 'நம்ம ஊருக்கு வேணும்' என்ற சொல்தான். காரில் வருகிறவருக்கும், மாதச் சம்பளம் வாங்குகிறவருக்கும், வெளியூரில் படித்துவிட்டு விடுமுறைக்கு வரும் என் போன்றவர்களுக்கும் ஆசை இருக்கிறது, பையில் காசும் இருக்கிறது. அந்த ஆசையை நிறைவேற்ற யாராவது கடை போட்டுத்தான் தீருவார்கள். லாபம் இருக்கிற இடத்துக்கு முதலாளி தானாக வருவார், அதற்காக ஊர் கூடிப் பேசத் தேவையில்லை. தானாக வராத கடையைப் பற்றித்தான் ஊர் பேச வேண்டும். அந்தக் கடை எது என்று தெரிய வேண்டுமானால் விடியுமுன் எழுந்து தெருவுக்கு வர வேண்டும்.

போடியிலும் சுற்றியிருக்கிற சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம் பக்கத்து ஊர்களிலும் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள். பெரும்பாலும் பெண்கள். மடியில் தூக்குவாளி, தோளில் ஒரு பழைய சட்டை. தொடையோடு தொடை ஒட்டி உட்கார்ந்து, முந்தல் சோதனைச்சாவடி தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, போடிமெட்டு வழியாகக் கேரளத்துக்குள் போவார்கள். பூப்பாறை, சாந்தம்பாறை, ராஜகுமாரி என்று இடுக்கி மாவட்டத் தோட்டங்களில் இறங்கி, பகலெல்லாம் செடியின் அடியில் குனிந்து குனிந்து காய் பறித்துவிட்டு, சாயங்காலம் அதே ஜீப்பில் திரும்புவார்கள். ஏலச்செடிக்குக் காய் பிடிப்பது தரையை ஒட்டி, தூரில் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நின்றுகொண்டு பறிக்க முடியாது.

போடிக்கு 'ஏலக்காய் நகரம்' என்ற பெயர் இவர்களால் வந்தது. காய் விளைவது பெரும்பாலும் மலைக்கு அந்தப் பக்கம். அது தரம் பிரிக்கப்படுவதும் பேரம் பேசப்படுவதும் இங்கே. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கும் ஊர்கள் இரண்டு: அங்கே புத்தடி, இங்கே போடி. 2019இல் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டபோது ஊரே நிமிர்ந்து நடந்தது. நாம் கேட்கிற மந்திக்கும் பிரியாணிக்கும் போடுகிற காயைக் குனிந்து எடுத்தவர், காலையில் என்ன சாப்பிட்டார் என்று நாம் கேட்டதில்லை.

அநேகமாக எதுவும் சாப்பிட்டிருக்க மாட்டார். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்தரைக்கு ஜீப் என்றால் மூன்றரைக்கு எழ வேண்டும். வீட்டில் இருப்பவர்களுக்கு ஆக்கி வைக்க வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், தனக்குத் தூக்குவாளியில் போட்டுக்கொள்ள வேண்டும். சாப்பிட நேரமும் இருக்காது, அந்த நேரத்தில் வயிறும் கேட்காது. வளைந்து வளைந்து ஏறும் ஜீப்பில் சாப்பிட்டுவிட்டு ஏறினால் வாந்தி வரும் என்பதால் பலர் வெறும் வயிற்றோடே ஏறுகிறார்கள். முதல் சோறு மலைமேல், ஆறிப்போய், பத்து மணிக்கு மேல்தான்.

"அந்த நேரத்துல டீக்கடை இருக்கே" என்று சொல்வீர்கள். இருக்கிறது. பஸ் ஸ்டாண்டு பக்கம் நாலு மணிக்கே பாய்லர் கொதிக்கும். ஆனால் அந்த பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? ஆம்பளைகள். பேப்பர், பீடி, அரசியல் எல்லாம் அவர்களுக்கு. பெண்கள் ஜீப்புக்குள் இருந்தபடியே கை நீட்டி கிளாஸ் வாங்கிக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார்கள். அவர்களை யாரும் உட்காரக் கூடாது என்று சொல்லவில்லை. போர்டும் மாட்டவில்லை. ஆனாலும் உட்காருவதில்லை.

எங்கள் தெருவில் பல வருஷமாக மலைக்குப் போய்வரும் அக்கா ஒருவரிடம் கேட்டேன்: உங்களுக்கு என்ன ஹோட்டல்க்கா வேணும்? சிரித்தார். "எனக்கு எதுக்குத் தம்பி ஹோட்டலு?" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "உக்கார ஒரு எடமும் கக்கூஸும் இருந்தாப் போதும். சோறு ரெண்டாவதுதான். ஜீப்புல ஏறிட்டா அடுத்து எங்க போறது? அதுக்குப் பயந்துக்கிட்டே தண்ணி குடிக்கிறதில்ல." ஊரில் ஹோட்டல் பற்றி நான் கேட்ட இத்தனை பேச்சில் இவ்வளவு தெளிவான கோரிக்கையை வேறு யாரும் வைக்கவில்லை.

தமிழ்நாட்டில் சாப்பாட்டுக் கடை எப்போதும் வெறும் சாப்பாட்டுக் கடையாக இருந்ததில்லை. யார் யாரோடு உட்காரலாம் என்று ஊர் முடிவு செய்கிற இடம் அது. 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளீஸ் கஃபேயின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அழிக்கச் சொல்லிப் பெரியார் மறியல் நடத்தியது இட்லியின் ருசிக்காக அல்ல. தென்மாவட்டத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை வைத்திருந்ததும் டீக்காக அல்ல. போடி 1989இல் சாதிக் கலவரத்தைப் பார்த்த ஊர். இன்றைக்கு அந்த ஜீப்பில் பல சாதிப் பெண்கள் ஒருவர் மடியில் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டு போகிறார்கள். இறங்கி ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட ஊருக்குள் அவர்களுக்கு ஓர் இடம் இல்லை. ஏசி ஹால் கட்டுகிறவர் மனதில் 'குடும்பம்' என்றால் சாயங்காலம் குளித்துச் சேலை மாற்றிக்கொண்டு வரும் குடும்பம். கறை படிந்த சட்டையோடு விடியற்காலையில் வரும் பெண் அந்தக் குடும்பத்தில் சேர்த்தி இல்லை.

மறுப்புகள் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதல் மறுப்பு: அவர்கள்தான் வீட்டிலிருந்து கொண்டுபோகிறார்களே. ஆமாம், ஒரு மணி நேரத் தூக்கத்தைக் கொடுத்துவிட்டுக் கொண்டுபோகிறார்கள். அந்தத் தூக்கத்துக்கு யாரும் கூலி தருவதில்லை என்பதால் அது இலவசம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

இரண்டாவது: தோட்டத்து முதலாளிதானே பார்த்துக்கொள்ள வேண்டும். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் அப்படித்தான் நினைத்தது. 150 பேர் வேலை செய்கிற தோட்டத்தில் கேன்டீன் வைக்கச் சொல்லி விதி போட மாநில அரசுகளுக்கு அதிகாரம் கொடுத்தது. பெரிய தேயிலைத் தோட்டத்தை மனதில் வைத்து எழுதிய சட்டம். ஏலத்தோட்டங்கள் பெரும்பாலும் சிறியவை. இன்றைக்கு ஒரு தோட்டம், நாளைக்கு இன்னொன்று என்று ஜீப் ஏற்றிவிடுகிற இடத்துக்குப் போகிறவருக்கு எந்தத் தோட்டத்தில் கேன்டீன்? ஆள் இருப்பது தமிழ்நாட்டில், வேலை கேரளத்தில். நடுவில் மலை. இரண்டு அரசுக்கும் அது வசதியாக இருக்கிறது.

மூன்றாவது: கட்டுபடியாகாது. இதுதான் கொஞ்சம் கனமான மறுப்பு. ஆனால் கட்டுபடியாக வைத்த உதாரணங்கள் நம் கண்முன்னே இருக்கின்றன. 2013இல் சென்னையில் ஆரம்பித்த அம்மா உணவகத்தில் இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். நல்ல திட்டம். ஆனால் காலைச் சாப்பாடு ஏழு மணிக்குத்தான். ஏழு மணிக்கு எங்கள் ஊர்ப் பெண்கள் மலையில் இருப்பார்கள். இதே மலைக்கு அந்தப் பக்கம் 2020 முதல் குடும்பஸ்ரீ பெண்கள் 'ஜனகீய ஹோட்டல்' நடத்தினார்கள், சாப்பாடு 20 ரூபாய். தட்டுக்கு 10 ரூபாய் அரசு மானியம் கொடுத்தது. 2023இல் மானியத்தை நிறுத்தியதும் விலை 30 ஆனது. இதில் தெரிவது ஒன்றுதான்: சமைக்கப் பெண்கள் தயார், சாப்பிட ஆள் தயார், அந்த 10 ரூபாயை யார் தருவது என்பதில்தான் விஷயம் நிற்கிறது.

அந்தப் பத்து ரூபாய்க்கு நான் ஒரு வழி சொல்கிறேன். போடியில் கைமாறும் ஏலக்காயில் கிலோவுக்கு 1 ரூபாய் எடுத்து வையுங்கள். ஒரு டன் விற்றால் 1,000 ரூபாய். தட்டுக்கு 10 ரூபாய் என்றால் 100 பேருக்கு ஆகிறது. ஆயிரக்கணக்கில் ஏறி இறங்குகிற விலையில் ஒரு ரூபாய் வியாபாரிக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. தெரியப்போவது ஜீப் ஏறுகிறவருக்கு மட்டும்தான்.

அடுப்புக்கும் ஆளுக்கும் எங்கே போவது? அதுவும் இருக்கிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் ஆரம்பித்து, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டத்துக்காகக் கிராமப் பள்ளிகளில் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் விடியற்காலையில் உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் சமைக்கிறார்கள். பள்ளி தூரம், வீட்டுச் சூழல் இதனாலெல்லாம் பிள்ளைகள் சாப்பிடாமல் வருகிறார்கள் என்று அரசு ஒப்புக்கொண்டதால் வந்த திட்டம் அது. சரி, எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு அந்த 'வீட்டுச் சூழல்' என்ன? அம்மா ஐந்தரைக்கு ஜீப் ஏறிவிட்டார் என்பதுதானே? பிள்ளைக்குச் சோறு போட்ட அரசுக்கு, அந்தப் பிள்ளையைப் பெற்றவளும் வெறும் வயிற்றோடு போகிறாள் என்பது எப்படித் தெரியாமல் போனது? சமைக்கத் தெரிந்த குழுக்கள் இருக்கின்றன, கணக்கு எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இன்னொரு குழு, இன்னொரு அடுப்பு, இரண்டு மணி நேரம் முன்னால். அவ்வளவுதான் கூடுதல் செலவு.

சாப்பாட்டுக் கடையைச் சாலை, குழாய் மாதிரி ஊர்க் காரியமாகப் பார்ப்பது உலகத்தில் இல்லாத வழக்கமும் அல்ல. சிங்கப்பூரில் 1970களில் தெருவோரத்தில் விற்றுக்கொண்டிருந்தவர்களை, அரசே தண்ணீர்க் குழாயும் சாக்கடையும் மேசையும் போட்டுக் கட்டிய உணவு நிலையங்களுக்குள் கொண்டுவந்தார்கள். 2020இல் யுனெஸ்கோ அந்த உணவு நிலையப் பண்பாட்டைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம்மவர்கள் அங்கே போனால் லிட்டில் இந்தியாவின் தேக்கா நிலையத்தில் தோசை சாப்பிட்டுப் போட்டோ போடுகிறார்கள். அந்தக் கூரையைக் கட்டியது அரசு என்பதை மட்டும் ஊருக்குத் திரும்பும்போது மறந்துவிடுகிறார்கள்.

கடைசி மறுப்பு: டூரிஸ்ட் ஹோட்டல் வந்தால் இந்தப் பெண்களுக்கும் அங்கேயே வேலை கிடைக்குமே. கிடைக்கும். பாத்திரம் கழுவ, காய்கறி நறுக்க. அது நல்ல வேலையாகவும் இருக்கலாம், மலை ஏறுவதைவிட மேலாகவும் இருக்கலாம். ஆனால் கேள்வி ஊருக்கு எந்த ஹோட்டல் வேண்டும் என்பது. அதில் சாப்பிடுகிறவர்களாக அவர்கள் ஒரு தடவைகூட நம் பேச்சில் வரவில்லை, கழுவுகிறவர்களாக மட்டும் வருகிறார்கள்.

ஆகவே என் பட்டியலில் ஒரே ஒரு கடை. முந்தல் போகும் வழியில், ஜீப்புகள் எப்படியும் கடந்துபோகிற இடத்தில், நகராட்சி தரும் ஒரு கூரை. நாலு மணிக்குத் திறக்க வேண்டும். இட்லி, பொங்கல், சூடாக டீ. ஜீப்பில் போகும்போது வயிறு ஏற்காதவர்களுக்கு மேலே கொண்டுபோகப் பார்சல். பெண்கள் உட்கார நீள பெஞ்சுகள். தண்ணீர் வருகிற, தாழ்ப்பாள் போடுகிற இரண்டு கழிப்பறைகள். சாயங்காலம் ஜீப் இறங்கும் நேரத்தில் மறுபடி இரண்டு மணி நேரம் அடுப்பு எரிய வேண்டும். வீட்டுக்குப் போய் மறுபடி அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன் ஒரு டீயாவது அவர்கள் உட்கார்ந்து குடிக்கட்டும்.

அடுத்த முறை யாராவது உங்களிடம் "நம்ம ஊருக்கு ஒரு ஹோட்டல் வருது" என்று சொன்னால் மெனுவைக் கேட்காதீர்கள். எத்தனை மணிக்குத் திறப்பார்கள், உள்ளே கழிப்பறை இருக்கிறதா என்று இரண்டு கேள்வி கேளுங்கள். ஊர்க்கூட்டத்திலும் கேளுங்கள், ஓட்டுக் கேட்டு வருகிற கவுன்சிலரிடமும் கேளுங்கள். மந்திக்கு அவசரமில்லை. அது எப்படியும் வந்துவிடும்.