தையல் மெஷின் ஸ்டாண்டும் சைக்கிள் கம்பியும் போதும்... மாடல் விமான இன்ஜினைச் சோதிக்க நீங்களே செய்யலாம் ஒரு மேடை!

ஆறு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து, பால்சா கட்டையை அறுத்து, ஒட்டி, மேலே தாள் போர்த்தி, வண்ணம் அடித்துச் செய்த மாடல் விமானம். மைதானத்தில் ஜோராக ஓடி, தென்னை மர உயரத்துக்கு ஏறுகிறது. அந்த நேரம் பார்த்து இன்ஜின் நின்றுவிட்டால்? திருப்பி இறக்க உயரமும் இருக்காது, வேகமும் இருக்காது. கண்மூடித் திறப்பதற்குள் ஆறு மாத உழைப்பு தரையில் சில்லு சில்லாகக் கிடக்கும். விழுகிற இடத்தில் ஆள் நின்றிருந்தால் விபரீதம் இன்னும் பெரிது.

இந்த ஆபத்தைக் குறைக்க நல்ல வழி, விமானத்தில் பூட்டுவதற்கு முன்பே இன்ஜினின் குணத்தைத் தரையிலேயே தெரிந்துகொள்வதுதான். அதற்கான சாதனம்தான் 'டெஸ்ட் ஸ்டாண்ட்' என்கிற சோதனை மேடை. காயலான் கடையிலும் வீட்டுப் பரணிலும் கிடக்கிற பொருள்களே இதற்குப் போதும்.

நடிகர் அஜித்துக்கு ஏரோ மாடலிங் மீது உள்ள ஆர்வம் ஊருக்கே தெரியும். என்.சி.சி ஏர் விங் மாணவர்களுக்கு இது பயிற்சியிலேயே ஓர் அங்கம். கல்லூரிகளிலும் இப்போது மாடல் விமானப் போட்டிகள் களைகட்டுகின்றன. பலரும் விமானத்தின் உடலுக்குச் செலவிடுகிற கவனத்தில் பாதியைக்கூட இன்ஜின் சோதனைக்குத் தருவதில்லை என்பதுதான் சிக்கல்.

ரைட் சகோதரர்கள் செய்ததும் இதைத்தான்!

அமெரிக்காவின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்களுக்கு, அவர்கள் கேட்ட எடையில் இன்ஜின் செய்து தர எந்த கம்பெனியும் முன்வரவில்லை. கடையில் வேலை பார்த்த சார்லி டெய்லர், கடைசல் இயந்திரம், துளையிடும் இயந்திரம், கைக்கருவிகள் ஆகியவற்றை வைத்துக்கொண்டு சுமார் ஆறு வாரங்களில் நான்கு சிலிண்டர் இன்ஜின் ஒன்றைச் செய்து முடித்தார்.

1903 பிப்ரவரி 12 அன்று பட்டறையிலேயே அதை ஓட்டிப் பார்த்தார்கள். ஓடியது. மறுநாள் மீண்டும் ஓட்டியபோது, பெட்ரோல் சொட்டி பேரிங்குகள் இறுகிப்போய், இன்ஜினின் அலுமினிய உடலே உடைந்தது. புதிதாக வார்த்து, மே மாதம் மீண்டும் சோதித்தார்கள். அது சுமார் 12 குதிரைசக்தி தந்தது. அந்த இன்ஜின்தான் டிசம்பர் 17 அன்று மனிதனை வானத்தில் ஏற்றியது.

அதற்கும் முன்பு, 1901-ல் இறக்கைகளைச் சோதிக்க அவர்கள் செய்த காற்றுச் சுரங்கம் வெறும் மரப்பெட்டி. அதற்குள் இருந்த அளவுக் கருவிகளை ஹாக்ஸா பிளேடு, சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி ஆகியவற்றால் செய்திருந்தார்கள். இன்ஜின் உடைந்தது பட்டறையில் என்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதே கோளாறு வானத்தில் நடந்திருந்தால் கதையே வேறு!

என்னென்ன வேண்டும்?

மாடலர்கள் '40 சைஸ்' என்று சொல்கிற, சுமார் 6.5 சி.சி கொண்ட டூ ஸ்ட்ரோக் 'க்ளோ' இன்ஜினை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இதற்கு வழக்கமாக 10 இன்ச் ப்ரொப்பல்லர் மாட்டுவார்கள்.

* கால் மிதி தையல் மெஷினின் பழைய இரும்பு ஸ்டாண்ட்
* இரண்டடி நீளம், ஒன்றரை இன்ச் கனம் உள்ள பலகை (பழைய கதவு, நிலைக்கட்டைத் துண்டு எதுவானாலும் சரி)
* தேக்கு ரீப்பர் துண்டுகள் இரண்டு
* உடைந்த கம்ப்யூட்டர் டேபிளில் கீபோர்டு தட்டு ஓடுமே, அந்த சேனல் ஒரு ஜோடி
* சைக்கிள் ஸ்போக்ஸ் ஒன்று, ஸ்பிரிங் தராசு ஒன்று
* போல்ட், வாஷர், நைலாக் நட்

இவற்றில் போல்ட், நட் மட்டும் புதிதாக வாங்குங்கள். ப்ரொப்பல்லரும் எரிபொருள் டியூபும்கூடப் புதிதாகவே இருக்கட்டும். மற்றதெல்லாம் பழசாக இருந்தால் பாதகமில்லை.

எப்படிச் செய்வது?

தையல் மெஷின் ஸ்டாண்டை எடுத்ததற்குக் காரணம் அதன் எடை. இன்ஜின் ஓடும்போது பிளாஸ்டிக் டேபிள் குதிக்கும், ஸ்டூல் நகரும். வார்ப்பிரும்பு அசைந்து கொடுக்காது. காலில் சக்கரம் இருந்தால் கழற்றிவிட்டு, மிதி மேல் இரண்டு மணல் மூட்டைகளை வையுங்கள். பலகையை ஸ்டாண்டின் மேல் போல்ட் போட்டு இறுக்குங்கள்.

பலகையின் முன் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும்படி இரண்டு ரீப்பர்களையும் இணையாகப் பொருத்துங்கள். நடுவே இன்ஜினின் வயிற்றுப் பகுதி உட்காரும் அளவுக்கு மட்டும் இடைவெளி வேண்டும். இன்ஜினின் இரு பக்கமும் இருக்கும் 'காது'கள் ரீப்பர் மேல் படிய, நான்கு போல்ட்டுகளை மேலிருந்து கீழ்வரை ஊடுருவ விட்டு, வாஷரும் நைலாக் நட்டும் போட வேண்டும். இங்கே மர ஸ்க்ரூ கூடவே கூடாது. அதிர்வில் அது மெதுவாகக் கழன்று வந்துவிடும். ப்ரொப்பல்லர் சுற்றும் வட்டத்துக்கும் பலகைக்கும் ஸ்டாண்டுக்கும் இடையே தாராளமாக இடம் இருக்கிறதா என்று கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள்.

அடுத்தது டேங்க். எரிபொருள் மட்டத்தின் நடுக்கோடு, இன்ஜினின் நீடில் வால்வ் உயரத்திலோ, ஒரு சென்டிமீட்டர் கீழேயோ இருக்க வேண்டும். டேங்க் உயரத்தில் இருந்தால் எரிபொருள் தானாக வழிந்து இன்ஜினுக்குள் தேங்கும். தேங்கிய திரவத்தை பிஸ்டனால் அழுத்த முடியாது. வலுக்கட்டாயமாகச் சுற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். டேங்க் ரொம்பத் தாழ்வாக இருந்தாலோ, எரிபொருள் குறையக் குறைய இன்ஜினுக்கு வரத்து போதாமல் சூடேறும்.

சைக்கிள் ஸ்போக்ஸை த்ராட்டில் கைப்பிடியில் கோத்து, பலகையின் பின்பக்கம் வரை நீட்டிவிடுங்கள். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ப்ரொப்பல்லர் பக்கம் கை போகவே தேவையில்லை. இந்த மேடையில் மிக முக்கியமான பாகம் எது என்று கேட்டால், பத்துப் பைசா பெறாத இந்தக் கம்பிதான்!

விரல் பத்திரம்!

10 இன்ச் ப்ரொப்பல்லர் நிமிடத்துக்கு 12,000 முறை சுற்றும்போது, அதன் நுனியின் வேகம் மணிக்குச் சுமார் 575 கிலோமீட்டர். ஓடும்போது அது கண்ணுக்கே தெரியாது, மெல்லிய புகை வட்டம்போலத்தான் இருக்கும். அதனால்தான் பழகியவர்களே ஏமாந்துவிடுகிறார்கள்.

* விரலால் தட்டி ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஒரு மரக்குச்சியில் சைக்கிள் டியூப் சுற்றினால் 'சிக்கன் ஸ்டிக்' தயார்.
* ஸ்டார்ட் ஆனதும் பின்பக்கம் போய்விடுங்கள். நீடிலைத் திருகுவது, க்ளோ பிளக் கிளிப்பைக் கழற்றுவது எல்லாம் பின்னால் இருந்துதான். ப்ரொப்பல்லருக்கு மேலாகக் குனிந்து கை நீட்டவே கூடாது.
* ப்ரொப்பல்லருக்கு நேர் பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது. உடைந்தால் துண்டு அந்தத் திசையில்தான் பறக்கும். கீறல் விழுந்த ப்ரொப்பல்லரை ஒட்டிப் பயன்படுத்தாமல், உடைத்துக் குப்பையில் போடுங்கள்.
* துப்பட்டா, வேட்டி, கழுத்தில் தொங்கும் ஐ.டி கார்டு எதுவும் வேண்டாம். கண்ணாடியும் காதடைப்பானும் கட்டாயம்.
* மொட்டை மாடி மூலையோ, பால்கனியோ சரிப்படாது. புகை தேங்காத, மணலும் சரளைக்கல்லும் இல்லாத திறந்தவெளியே நல்லது.
* பள்ளிப் பிள்ளைகள் செய்வதாக இருந்தால், விஷயம் தெரிந்த பெரியவர் ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும்.

பாட்டிலில் இருப்பது விஷம்

க்ளோ இன்ஜினுக்கான எரிபொருளில் பெரும்பகுதி மெத்தனால். கூடவே ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு ஆயில், கொஞ்சம் நைட்ரோமீத்தேன். கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் 60-க்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்த சாராயத்தில் இருந்ததும் இதே மெத்தனால்தான். குடித்தால் மட்டுமல்ல, தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். பார்வையையே பறித்துவிடும்.

எனவே மெத்தனால் வாங்கி வீட்டில் கலக்கும் வேலை வேண்டாம். அதன் விற்பனைக்கும் கையிருப்புக்கும் சட்டக் கட்டுப்பாடுகள் உண்டு. ஹாபி கடைகளிலும் கிளப்புகளிலும் கிடைக்கும் தயார் நிலை எரிபொருளையே வாங்குங்கள். கூல்டிரிங்ஸ் பாட்டிலிலோ, தண்ணீர் பாட்டிலிலோ ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தோடு வருகிற குழந்தைக்கு வித்தியாசம் தெரியாது. 'விஷம்' என்று பெரிதாக எழுதிப் பூட்டி வையுங்கள். டேங்க்கும் மாடல் விமானத்துக்கென்று விற்கிற டேங்க்காகவே இருக்கட்டும்.

இன்னொன்று, மெத்தனால் பற்றினால் பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்குத் தெரியாது. ஒரு வாளி நிறையத் தண்ணீர் பக்கத்தில் தயாராக இருக்க வேண்டும்.

இன்ஜின் பேசும்... கேளுங்கள்!

புது இன்ஜினை எடுத்த எடுப்பிலேயே முழு வேகத்தில் ஓட்டாதீர்கள். நீடிலைச் சற்று அதிகம் திறந்து, எரிபொருள் தாராளமாகப் போகும்படி வைத்து, சில நிமிடங்கள் ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி ஓட்டுங்கள். வெள்ளைப் புகை நன்றாக வரவேண்டும். இந்த இன்ஜினில் மசகு எண்ணெய் எரிபொருளோடு கலந்துதான் வருகிறது. எரிபொருளைக் குறைத்தால் எண்ணெயும் குறையும், சூடும் ஏறும். ஒரே திருகில் இரட்டைத் தண்டனை! எத்தனை டேங்க் ஓட்ட வேண்டும் என்பது இன்ஜினோடு வரும் கையேட்டில் இருக்கும்.

பழகிய பிறகு, முழு த்ராட்டிலில் நீடிலைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடுங்கள். வேகம் ஏறிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நிற்கும். அங்கிருந்து 200 - 300 ஆர்.பி.எம் குறையும்படி நீடிலைத் திரும்பத் திறந்துவிடுங்கள். ஏனென்றால், வானத்தில் பறக்கும்போது ப்ரொப்பல்லரின் சுமை குறைந்து இன்ஜின் இன்னும் வேகமாகச் சுற்றும். தரையிலேயே உச்சத்தில் வைத்துவிட்டால், மேலே போனதும் எரிபொருள் போதாமல் நின்றுவிடும். தென்னை மர உயரத்தில் நிற்கிற இன்ஜின்களுக்கு இது ஒரு முக்கியமான காரணம்.

வேகத்தை அளக்க டாக்கோமீட்டர் இல்லையா? கையில் இருக்கும் மொபைல் போதும். ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் 'ஸ்பெக்ட்ரம் அனலைசர்' வகை ஆப் ஒன்றைத் திறந்து, பாதுகாப்பான தூரத்தில் பின்பக்கம் நின்று பாருங்கள். டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஒரு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். ஆப் 200 ஹெர்ட்ஸ் காட்டினால், அதை 60-ஆல் பெருக்குங்கள்: 12,000 ஆர்.பி.எம்! இரண்டு இலை ப்ரொப்பல்லரின் சத்தம் 400 ஹெர்ட்ஸில் தனியாகத் தெரியும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

எத்தனை கிலோ இழுக்கிறது?

இழுவிசையை அளக்கத்தான் கீபோர்டு சேனல். ரீப்பர்களைப் பெரிய பலகையில் நேராக மாட்டாமல், ஒரு சிறு பலகையில் மாட்டி, அதைச் சேனல் மேல் முன்னும் பின்னும் நகரும்படி பொருத்துங்கள். டேங்க்கும் அந்தச் சிறு பலகையிலேயே இருக்க வேண்டும். சிறு பலகையின் பின்பக்கத்தையும், பெரிய பலகையில் நட்ட ஒரு கம்பத்தையும் ஸ்பிரிங் தராசால் இணையுங்கள். ப்ரொப்பல்லர் முன்னால் இழுக்க இழுக்க, தராசின் முள் நகரும். கொக்கி அறுந்தால் இன்ஜின் பாய்ந்து வெளியே போகாதபடி, முன்னால் ஒரு தடுப்பு போல்ட்டும் பின்னால் ஒரு சங்கிலியும் அவசியம்.

தராசு சொல்வது சரியா? இன்ஜினை ஓட்டாமல், சிறு பலகையின் முன்பக்கம் கயிறு கட்டி, கப்பி வழியாக ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிடுங்கள். முள் ஒரு கிலோவைக் காட்ட வேண்டும். குறைவாகக் காட்டினால் சேனலில் உராய்வு இருக்கிறது. துடைத்து எண்ணெய் விடுங்கள்.

அபார்ட்மென்ட்வாசிகள் இதே மேடையில் எலெக்ட்ரிக் மோட்டாரையும் சோதிக்கலாம். சத்தமும் புகையும் இல்லையே என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள். எதிலாவது இடித்தால் சிறிய க்ளோ இன்ஜின் நின்றுவிடக்கூடும். மோட்டாரோ பேட்டரி இருக்கும்வரை விடாமல் சுற்றப் பார்க்கும். பேட்டரியை இணைப்பதுதான் கடைசி வேலை, கழற்றுவதுதான் முதல் வேலை.

ஒவ்வொரு முறையும் ப்ரொப்பல்லர் அளவு, நீடில் எத்தனை சுற்று, ஆர்.பி.எம், இழுவிசை நான்கையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். சோதனை முடிந்ததும் டேங்க்கைக் காலி செய்து, இன்ஜினுக்குள் சில சொட்டு ஆயில் விடுங்கள். மெத்தனால் ஈரத்தை இழுக்கும், பேரிங் துருப்பிடிக்கும். தொடர்ந்து சில நாள்கள் ஒரே நீடில் அளவில், ஒரே எண்களைத் தந்து, ஒரு டேங்க் முழுவதும் நிற்காமல் ஓடுகிறதா? அதன் பிறகு இன்ஜினைக் கழற்றி விமானத்தில் மாட்டுங்கள். அதுவரை விமானம் பரணிலேயே இருக்கட்டும்!