களைப்பை யார் அளப்பது?

மூட்டுவாத நோயாளிக்குக் கொடுக்கும் மருந்து பலன் தருகின்றதா என்பதை எதைக் கொண்டு அளப்பது? இதற்கென ஒரு பொது அளவுகோலை வகுக்க, 1992இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் பல நாட்டு வைத்தியர்களும் ஆய்வாளர்களும் கூடினர். 'ஒமெராக்ட்' என்னும் கூட்டமைப்பு அப்படித் தொடங்கியதே. வீங்கிய மூட்டுகளை எண்ணினர், இரத்தத்தைச் சோதித்தனர். வலியை நோயாளரிடம் கேட்கவும் செய்தனர். ஆனால் எதைக் கேட்பது என்று தீர்மானித்த இடத்தில் நோயாளர் இருக்கவில்லை.

2002இல் அவுஸ்திரேலியாவில் கூடியபோதுதான் அவர்களை அழைத்தார்கள். வந்தவர்கள் களைப்பைப் பற்றிப் பேசினார்கள். வயல் வேலைக் களைப்பு உறங்கி எழுந்தால் தீரும். இது உறங்கியும் தீராதது. வைத்தியர்களின் பட்டியலில் அதற்கு இடமிருக்கவில்லை. சில ஆண்டுகளின் பின்னரே, மூட்டுவாத ஆய்வுகளில் களைப்பையும் அளக்க வேண்டும் என ஏற்றுக்கொண்டனர்.

இன்று அங்கே ஒவ்வோர் ஆய்வுக்குழுவிலும் குறைந்தது இரு நோயாளர் இருக்க வேண்டும் என்பது விதி. வாக்கெடுப்பில் 70 வீதத்தினர் உடன்பட்டாலே ஓர் அளவுகோல் ஏற்கப்படும். நோயாளருக்கும் அதில் வாக்குண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கூட்டத்தின் மொழி ஆங்கிலம். எனவே அந்த இருவராக யார் வருவர் என்பது முன்னரே பாதி தீர்மானமாகிவிடுகின்றது. கூலிக்குக் களை பிடுங்கும் பெண்ணின் விரல்கள் காலையில் எவ்வளவு நேரம் மடங்க மறுக்கின்றன என்பதை அவளது மொழியிலேயே கேட்டு, அந்த மேசைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்றே நாம் கேட்கின்றோம்.